தெருக்குழாயிலிருந்து டம்ளர் வரை

(தருமபுரியில் நூலக வாசகர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குடிநீரைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டவர்கள் ஒரு நிபந்தனையும் போட்டார்கள். ‘அணை, ஆறு, வழக்கு எல்லாம் பேப்பரில் படித்துக்கொள்கிறோம். வீட்டுக்குள் வருகிற தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்லுங்கள்’ என்றார்கள். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எனக்கும் அதுதான் சௌகரியம்.

மேசை மேல் இரண்டு கண்ணாடி டம்ளர்கள் இருக்கின்றன. ஒன்றில் குழாய்த் தண்ணீர். இன்னொன்றில் ஆர்ஓ மெஷினில் பிடித்த தண்ணீர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். என் கையில் இருக்கும் இந்தக் கருவியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஃபில்டர் விற்க வீடு தேடி வருகிறவர் பையிலிருந்து எடுப்பார். கீழே இரண்டு ஜோடிக் கம்பிகள், மேலே கரண்ட் பிளக். கம்பிகளை இரண்டு டம்ளரிலும் இறக்கி, சுவிட்சைப் போடுகிறேன். பாருங்கள், குழாய்த் தண்ணீர் கலங்குகிறது. மஞ்சளாகிறது, பழுப்பாகிறது, மேலே நுரை கட்டுகிறது. ஆர்ஓ தண்ணீரோ அசையாமல் நிற்கிறது. ‘அம்மா, இதைத்தான் இத்தனை நாளாப் பிள்ளைங்களுக்குக் குடுத்திட்டிருந்தீங்க’ என்பார் வந்தவர். அன்றைக்கே அட்வான்ஸ் கைமாறிவிடும்.

இப்போது சுவிட்சை அணைத்துவிட்டு, ஆர்ஓ தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுக் கலக்குகிறேன். மறுபடி சுவிட்ச். இதோ, இதுவும் பழுப்பாகிறது. நம் வீட்டு உப்பு ஜாடியில் சாக்கடையா இருந்தது? அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்தது அல்ல. கம்பிகளில் ஒன்று இரும்பு. உப்புக் கரைந்த தண்ணீரில் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாக இறங்கும். ஆர்ஓ மெஷின் உப்பை எடுத்துவிட்ட தண்ணீரில் மின்சாரம் பாயாது, அதனால் கம்பியும் கரையாது. இந்த வித்தையின் சூட்சுமம் அவ்வளவுதான். பிள்ளைகள் யாரும் இதை வீட்டில் செய்துபார்க்க வேண்டாம். தண்ணீரில் 230 வோல்ட்டை இறக்குகிற வேலை இது.

விற்கிறவரைத் திட்டுவதற்காக இதைக் காட்டவில்லை. நாம் ஏன் நம்புகிறோம் என்பதுதான் கேள்வி. தண்ணீரை நாம் கண்ணாலும் நாக்காலும் எடைபோடுகிறோம். தெளிவாக இருந்தால் நல்லது, தித்தித்தால் நல்லது, கலங்கினால், கரித்தால் கெட்டது. ஆனால் ஆளைப் படுக்கையில் தள்ளுகிற சமாச்சாரங்களில் பெரும்பாலானவற்றுக்கு நிறமும் கிடையாது, ருசியும் கிடையாது. இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. தண்ணீரில் உள்ள ஆபத்து ஒரே வகை அல்ல, ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. எந்த ஆபத்து நம் வீட்டில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் பணத்தைக் கொட்டினால், பணமும் போகும், ஆபத்தும் அப்படியே இருக்கும்.

டிடிஎஸ் மீட்டர் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. பேனா மாதிரி இருக்கும், முக்கினால் எண் காட்டும். அது அளப்பது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை. அதை வைத்து, மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று ஒரு கணக்குச் சொல்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம், ஐஎஸ் 10500, ஒரு லிட்டரில் 500 மில்லிகிராம் வரை உப்பு விரும்பத்தக்கது என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். 300 காட்டும் தண்ணீரில் மலக்கிருமி கோடிக்கணக்கில் நீந்திக்கொண்டிருந்தாலும் மீட்டர் 300 என்றுதான் காட்டும். டிடிஎஸ் மீட்டரை வைத்துக் கிருமி தேடுவது, தராசில் நிறுத்திக் காய்ச்சல் பார்ப்பது போலத்தான்.

சரி, நம் ஊருக்கு வருவோம். தருமபுரி, கிருஷ்ணகிரி என்றாலே தண்ணீர்க்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஃபுளோரைடு. நம் காலடியில் இருப்பது கருங்கல் பாறை. அந்தப் பாறையின் கனிமங்களில் ஃபுளோரைடு இருக்கிறது. போர் ஆழமாகப் போகப் போக, தண்ணீர் பாறை இடுக்கில் நெடுங்காலம் தங்கியிருந்து அதைக் கரைத்துக்கொள்கிறது. ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லையென்றால் 1.5 வரை. அதற்கு மேல் போனால் பல் முளைக்கும் வயதுப் பிள்ளைகளின் பற்சிப்பியில் வெள்ளைத் திட்டும் மஞ்சள், பழுப்புக் கோடுகளும் விழும். எட்டு வயதுக்குள் விழுந்த கறை எந்தப் பற்பசைக்கும் போகாது. அளவு இன்னும் கூடி, வருடக்கணக்கில் குடித்தால் எலும்பைப் பிடிக்கும். முதுகு வளையாது, கழுத்து திரும்பாது, சம்மணம் போட முடியாது. அன்றைய சென்னை மாகாணத்தில் இந்த எலும்பு நோயைப் பற்றி மருத்துவர்கள் 1937-லேயே எழுதிவிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஃபுளோரைடு கூடுதலாக உள்ள தண்ணீரில் பெரும்பாலும் கால்சியம் குறைவாக இருக்கும். கால்சியம் குறைந்த தண்ணீர் மென்மையானது. சோப்பு நன்றாக நுரைக்கும், பருப்பு சீக்கிரம் வேகும், பாத்திரத்தில் வெள்ளைப் படிவம் வராது. ‘எங்க போர் தண்ணி தேன் மாதிரி இருக்கும்’ என்று பெருமைப்படுகிற வீட்டில்தான் முதலில் ஃபுளோரைடு பார்க்க வேண்டும். நாக்கு கொடுக்கிற சான்றிதழ் இங்கே தலைகீழ்.

இந்த ஃபுளோரைடுக்குத் தீர்வாக வந்ததுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு நிறைவேறி, 2013-ல் தண்ணீர் வரத் தொடங்கியது. காவிரித் தண்ணீரில் ஃபுளோரைடு பிரச்சினை இல்லை. ஆனால் எத்தனை வீடுகளில் அந்தத் தண்ணீர் ‘வராத நாளுக்கு’ என்று போர் தண்ணீரையும் அதே சம்ப்பில் விடுகிறோம்? நகரத்தின் மேல்நிலைத் தொட்டியிலும், காவிரித் தண்ணீர் குறைகிற நாட்களில் உள்ளூர்ப் போர் தண்ணீரைக் கலக்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். திட்டத்தின் பெயரைக் குடித்தால் போதாது, தண்ணீரையல்லவா குடிக்கிறோம்.

போர் தண்ணீரில் இரண்டாவது சந்தேகம் நைட்ரேட். செப்டிக் டேங்க் கசிந்து இறங்குவதாலும், வயலில் போடும் உரத்தாலும் வருவது. 45 மில்லிகிராமுக்கு மேல் கூடவே கூடாது என்கிறது தரம். பெரியவர்களை அது அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. ஆனால் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பால் பவுடரை அந்தத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால், இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியை இழக்கும். குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும். தாய்ப்பால் கொடுக்கிற வீட்டில் இந்தப் பயமே இல்லை.

இப்போது ஒரு கேள்வி. ‘நாங்கள் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறோம்’ என்று ஒரு அம்மா சொல்கிறார். அவருக்கு ஃபுளோரைடிலிருந்து பாதுகாப்பு உண்டா? இல்லை. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு சாகாது. தண்ணீர் ஆவியாகிப் போக, மிச்சத்தில் ஃபுளோரைடும் நைட்ரேட்டும் இன்னும் கொஞ்சம் கெட்டியாகத்தான் ஆகும். யூவி விளக்கு வைத்த மெஷினும் கிருமியை மட்டுமே கொல்லும். கேண்டில் ஃபில்டர் கலங்கலை நிறுத்தும், கிருமியையும் ஓரளவு பிடிக்கும், கரைந்த உப்பைத் தொடாது. ஃபுளோரைடை எடுப்பது ஆர்ஓ அல்லது இயக்கமூட்டிய அலுமினா ஃபில்டர். ஆக, ஃபுளோரைடு கூடிய போரை நம்பியிருக்கும் வீட்டுக்கு ஆர்ஓ மெஷின் ஆடம்பரம் இல்லை, தேவை. காவிரித் தண்ணீர் மட்டுமே வருகிற வீட்டில் அதே மெஷின், நல்ல தண்ணீரின் பாதியைச் சாக்கடைக்கு அனுப்புகிற வேலையைத்தான் செய்யும். டிடிஎஸ் 500-க்குக் குறைந்த தண்ணீருக்கு ஆர்ஓ கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் சொன்னது இதனால்தான்.

அடுத்து, கிருமி. உப்பு வருடக்கணக்கில் வேலை செய்யும். கிருமி ஒரே ராத்திரியில் செய்துவிடும். காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை, வயிற்றுப்போக்கு எல்லாமே பெரும்பாலும் மலம் குடிநீரில் கலப்பதால் வருவன. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

டெல்லியில் 1955 கடைசியில் நடந்ததை உலகம் முழுக்கப் பொதுச் சுகாதாரப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வெள்ளத்துக்குப் பிறகு யமுனை தன் போக்கை மாற்றிக்கொண்டது. நஜஃப்கர் கால்வாயின் கழிவுநீர் எதிர்த்துப் போய், வஜீராபாத்தில் குடிநீருக்குத் தண்ணீர் எடுக்கும் இடத்தில் கலந்தது. பொறியாளர்கள் கவனித்துவிட்டார்கள், குளோரினைக் கூட்டினார்கள். டைபாய்டு வரவில்லை, வயிற்றுப்போக்கும் பரவவில்லை. ‘தப்பித்தோம்’ என்று மூச்சு விட்ட சில வாரங்களில் சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை. பாக்டீரியாவுக்குப் போதுமாக இருந்த குளோரின், அத்தனை கழிவு கலந்த தண்ணீரில் வைரஸுக்குப் போதவில்லை. கர்ப்பிணிகளைத்தான் நோய் மிகக் கடுமையாகத் தாக்கியது. இன்று ஹெபடைடிஸ் ஈ என்று நாம் சொல்லும் நோய் அது. முதலில் அழுக்கு வராமல் தடுக்க வேண்டும், மருந்து அதற்கப்புறம்தான். இந்த வரிசை மாறக் கூடாது.

சின்ன ஊர்க்காரர்கள் நினைவில் வைக்க வேண்டிய பெயர் வாக்கர்டன். கனடாவில், சுமார் 5,000 பேர் வாழும் ஊர். 2000-ஆம் ஆண்டு மே மாதம் பெரிய மழை. மாட்டுச் சாணம் கலந்த நீர் ஆழமில்லாத ஒரு கிணற்றில் இறங்கியது. குளோரின் சரியாகப் போட்டிருந்தால் சமாளித்திருக்கலாம். தினமும் குளோரினை அளந்து எழுத வேண்டிய ஊழியர்கள், அளக்காமலே பதிவேட்டில் எண்ணை எழுதிக்கொண்டிருந்தார்கள் என்று பின்னர் விசாரணையில் தெரிந்தது. 7 பேர் இறந்தார்கள், 2,300-க்கு மேற்பட்டவர்கள் படுத்தார்கள். பணக்கார நாடு, சுத்தமான ஊர், எல்லாம் இருந்தும் ஒரு பொய்க் கையெழுத்துப் போதுமாக இருந்தது.

நம் ஊர்க் குழாயில் ஆபத்து எங்கே நுழைகிறது? சுத்திகரிப்பு நிலையத்தில் கிளம்பும்போது தண்ணீர் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். கடைசித் தெருவில்தான் கெடுகிறது. நாளை காலை உங்கள் தெருச் சாக்கடையை ஒரு தடவை குனிந்து பாருங்கள். ரோட்டடியில் போகும் மெயின் பைப்பிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் அரையங்குல, முக்கால் அங்குலப் பைப் பிரிந்து வரும். அது சாக்கடையைத் தாண்டித்தான் வீட்டுக்குள் வர வேண்டும். பல இடங்களில் மேலே தாண்டாமல் சாக்கடைக்குள்ளேயே மூழ்கித் தாண்டும். பைப்பில் ஒரு ஜாயிண்ட், ஜாயிண்ட்டில் துணி சுற்றிய ஒட்டு, அதைச் சுற்றிக் கறுப்புத் தண்ணீர்.

தண்ணீர் வருகிற நேரத்தில் உள்ளழுத்தம் இருக்கும். ஓட்டை வழியாக நல்ல தண்ணீர் வெளியே கசியும், அவ்வளவுதான். சப்ளையை நிறுத்தியதும் பைப் காலியாகிறது, அதே ஓட்டை வழியாகச் சாக்கடை உள்ளே வருகிறது. மறுபடி தண்ணீர் விடும்போது முதலில் நம் குடத்தில் விழுவது அதுதான். கர்நாடகத்தின் ஹூப்ளி-தார்வாடில் ஒரு பகுதிக்கு 24 மணி நேரமும் தண்ணீர் வந்தது, மற்றப் பகுதிக்குச் சில நாட்களுக்கு ஒருமுறை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக ஆய்வாளர்கள் இரண்டையும் ஒப்பிட்டு 2013-ல் வெளியிட்டார்கள். விட்டு விட்டுத் தண்ணீர் வரும் குழாய்களில் எடுத்த மாதிரிகளில் 100-க்கு சுமார் 32-ல் ஈ.கோலி என்ற மலக்கிருமி இருந்தது. இடைவிடாமல் வரும் குழாய்களில் 100-க்கு ஒன்றுகூட இல்லை. ஒரே ஊர், ஒரே நிர்வாகம். வித்தியாசம் அழுத்தத்தில் இருந்தது.

இதோடு குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறோமே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் உறிஞ்சும்போது பைப்புக்குள் அழுத்தம் சுழிக்குக் கீழே போகும். உங்கள் மோட்டார் இழுப்பது மெயினிலிருந்து மட்டும் அல்ல, பக்கத்து வீட்டுக்காரரின் ஓட்டை ஜாயிண்ட் வழியாகச் சாக்கடையிலிருந்தும்தான். சட்டப்படி தப்பு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். நம் காசில், நம் கரண்டில், நம் வீட்டுக்கு நாமே சாக்கடையை இழுத்துக்கொள்கிறோம்.

அதனால் செய்ய வேண்டியவை சின்னச் சின்ன வேலைகள். தண்ணீர் விட்ட முதல் சில நிமிடம் வருவதைக் குடிக்கப் பிடிக்காதீர்கள், வாசல் தெளிக்க, செடிக்கு ஊற்ற வைத்துக்கொள்ளுங்கள். சாக்கடைக்குள் போகும் வீட்டுப் பைப்பைப் பிளம்பரை வைத்து மேலே தூக்கிவிடுங்கள். முடியாவிட்டால் அந்த இடத்தில் ஜாயிண்ட் இல்லாத ஒரே நீளப் பைப்பாகப் போட்டு, மேலே ஒரு பெரிய பைப்பை உறையாக மாட்டச் சொல்லுங்கள். பெரிய செலவு ஆகாது.

‘குழாயில் பிளீச்சிங் பவுடர் நாத்தம் அடிக்குது’ என்று பலர் அலுத்துக்கொள்வார்கள். அந்த வாடை வந்தால் சந்தோஷப்படுங்கள். வீட்டுக் குழாய் முனையில் ஒரு லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். வழியில் சாக்கடை கலந்திருந்தால் குளோரின் அதோடு சண்டை போட்டுத் தீர்ந்துபோயிருக்கும். குளோரின் மிச்சம் இருந்தால், வழியில் பெரிதாக எதுவும் கலக்கவில்லை என்று ஓரளவு நம்பலாம். நகராட்சி ஊழியர்கள் கையில் குளோரோஸ்கோப் என்ற சின்னப் பெட்டி இருக்கும். தண்ணீரில் சில சொட்டு மருந்து விட்டு நிறத்தைப் பார்ப்பார்கள். ஊழியர் தெருவுக்கு வந்தால் ‘எங்க குழாய்லயும் பாருங்கண்ணா’ என்று கேளுங்கள். கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது.

கிருமி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க இன்னொரு வழியும் உண்டு. குவாலியரில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் மஞ்சா குழுவினர் 1982-ல் உருவாக்கிய ஹெச்2எஸ் பாட்டில் அது. உள்ளே மருந்து தடவிய ஒரு தாள் இருக்கும். தண்ணீரை நிரப்பி, வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கலப்பு இருக்கும் தண்ணீர் கறுப்பாகும். கறுத்துவிட்டால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் முறையாகப் பரிசோதிக்கலாம். கட்டணம் கட்டினால் பொதுமக்களின் மாதிரியையும் வாங்கிக்கொள்கிறார்கள். மெஷின் வாங்குவதற்கு முன்னால் ஒரு தடவை அங்கே போய்வாருங்கள். ஃபுளோரைடு, நைட்ரேட், கடினத்தன்மை, கிருமி ஆகிய நான்கின் எண்ணும் கையில் இருந்தால், எந்த விற்பனையாளரும் உங்களை ஏமாற்ற முடியாது.

மழைக்காலத்திலும், தெருவில் யாருக்காவது காமாலை, வயிற்றுப்போக்கு என்று தெரிந்தாலும், கொதிக்கவைத்துக் குடியுங்கள். குமிழி விட்டுக் கொதிக்க ஆரம்பித்தபின் ஒரு நிமிடம் போதும், அரைமணி நேரம் கேஸை எரிக்க வேண்டாம். கொதித்த தண்ணீரில் குளோரின் இருக்காது. அதனால் அதே பாத்திரத்தில் மூடி வைத்து, அன்றைக்கே குடித்துத் தீர்த்துவிட வேண்டும். குடத்துக்குள் டம்ளரை விட்டு மொள்ளும்போது விரலும் உள்ளே போகிறது. நீளக் காம்பு வைத்த கரண்டியோ, குழாய் வைத்த பானையோ இருந்தால் நோய் குறையும். கேன் தண்ணீர் வாங்குகிறவர்கள் சீல், தயாரித்த தேதி, உரிம எண் மூன்றையும் பாருங்கள். கேனைக் கவிழ்க்கிற டிஸ்பென்சரைக் கடைசியாக எப்போது கழுவினோம் என்று யோசியுங்கள். யாருக்கும் நினைவு வராது என்று எனக்குத் தெரியும்.

இனி, குடிக்கிற தண்ணீரை விட்டு, அதைத் தேக்கிவைக்கிற இடத்துக்கு வருகிறேன். விட்டு விட்டுத் தண்ணீர் வருகிற ஊரில் எல்லோரும் சம்ப் கட்டுகிறோம். தரை மட்டத்தில் மூடி, பக்கத்திலேயே செப்டிக் டேங்க். வாசல் கழுவிய தண்ணீர் மூடி இடுக்கில் இறங்கும். மூடியின் விளிம்பைத் தரையிலிருந்து அரை அடி உயர்த்திக் கட்டினாலே போதும். மூடிக்குப் பூட்டு அவசியம். தவழும் பிள்ளையும் விளையாடும் பிள்ளையும் உள்ள வீட்டில் பலகையைச் சாத்தி, ‘அப்புறம் மூடி போட்டுக்கலாம்’ என்று விடாதீர்கள்.

சம்ப்பில் ஆள் இறங்குவதைப் பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். புதிதாகக் கட்டிய சம்ப்பில் சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்கியவர் மயங்கி விழுந்தார், தூக்கப் போனவரும் விழுந்தார் என்று அடிக்கடி செய்தி படிக்கிறோம். புதுத் தொட்டியில் விஷவாயு எங்கிருந்து வந்தது என்று ஆச்சரியப்படுவோம். விஷவாயுவே தேவையில்லை. மூடிக் கிடக்கும் தொட்டியில் ஈரப் பலகையும் தேங்கிய தண்ணீரும் மக்கும்போது, உள்ளே இருக்கும் ஆக்சிஜனை அதுவே தின்றுவிடுகிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அது பாதிக்குக் கீழே போனால் ஆள் நினைவிழப்பார், இன்னும் குறைந்தால் சில நிமிடங்களில் உயிர் போகும். ஆக்சிஜன் குறைவதை நம் உடம்பு முன்கூட்டிக் காட்டிக்கொடுக்காது. வாடை வராது, ‘ஏதோ சரியில்லை’ என்று தோன்றுவதற்குள் கால் மடங்கிவிடும்.

ஆகவே நாள் முழுக்க மூடியைத் திறந்து வைத்து, ப்ளோயர் வைத்துக் காற்றை உள்ளே செலுத்திய பிறகே யாரும் இறங்க வேண்டும். இடுப்பில் கயிறு கட்ட வேண்டும், மேலே ஆள் நிற்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். அண்ணன் தம்பியானாலும் குதிக்காதீர்கள். கயிற்றால் இழுங்கள், காற்றைச் செலுத்துங்கள், தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். செப்டிக் டேங்கில் ஆளை இறக்கவே கூடாது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றம் என்கிறது. அதற்கு லாரி இருக்கிறது, மெஷின் இருக்கிறது.

தண்ணீரும் கரண்ட்டும் சேருகிற இடம் மோட்டார். சம்ப்பில் கை விடுவதற்கு முன் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியரில் விழுகிற ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். கசிவு மின்சாரம் ஆள் உடம்பில் பாய ஆரம்பித்த கணத்திலேயே இணைப்பைத் துண்டிப்பது அதுதான். ஃபியூஸ் அந்த வேலையைச் செய்யாது. வாளியில் ஹீட்டர் ராடு போடுகிறவர்கள், தண்ணீர் சுட்டுவிட்டதா என்று விரல் விட்டுப் பார்க்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்.

தொட்டி கழுவுவதற்கு ஒரு எச்சரிக்கை. பிளீச்சிங் பவுடரையும் கழிவறை கழுவும் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் நுரையீரலை அரித்துவிடும். கழுவி முடித்துத் தண்ணீர் நிரப்பியபின் 1,000 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரைமணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள். பவுடர் டப்பா திறந்தே கிடந்தால் வீரியம் போய்விடும், அப்புறம் அது வெறும் சுண்ணாம்பு.

டெங்குக் கொசு முட்டையிடுவதும் இப்படித் தேக்கிவைக்கும் சுத்தமான தண்ணீரில்தான். முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும், தண்ணீர் பட்டதும் உயிர் வரும். அதனால் டிரம்மைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை உள்சுவரை நாரால் தேய்க்க வேண்டும். நகராட்சியிலிருந்து வரும் அக்காக்கள் தொட்டியில் அபேட் என்ற கொசுப்புழு மருந்து விட வந்தால் ‘எங்க வீட்ல வேண்டாம்’ என்று கதவைச் சாத்தாதீர்கள்.

இவ்வளவையும் வீட்டுக்காரர்கள் தலையிலேயே கட்டிவிட்டு, நகராட்சியை விட்டுவிட்டேன் என்று யாராவது நினைக்கலாம். அப்படியில்லை. அமெரிக்காவில் ஃபிளின்ட் என்று ஒரு நகரம், சுமார் ஒரு லட்சம் மக்கள். 2014 ஏப்ரலில் செலவைக் குறைப்பதற்காகத் தண்ணீர் எடுக்கும் இடத்தை மாற்றினார்கள். பைப் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய பாஸ்பேட்டைச் சேர்க்கவில்லை. பழைய ஈயப் பைப்புகள் அரித்து, ஈயம் வீட்டுக் குழாயில் வந்தது. அங்கே இருந்த கார் தொழிற்சாலை, தன் இரும்புப் பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று அந்த அக்டோபரிலேயே அந்தத் தண்ணீரை நிறுத்திவிட்டது. ஜனங்களுக்கு மட்டும் ‘நல்ல தண்ணீர்தான்’ என்ற பதிலே வந்துகொண்டிருந்தது. ஒரு தாய் விடாமல் கேட்டார். விர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் மார்க் எட்வர்ட்ஸ் குழு அனுப்பிய சுமார் 300 பாட்டில்களில் வீட்டுக்காரர்கள் தாங்களே தண்ணீர் பிடித்து அனுப்பினார்கள். குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா, குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் ஏறியிருப்பதை 2015 செப்டம்பரில் எண்களோடு வெளியிட்டார். அடுத்த மாதமே பழைய தண்ணீருக்கு மாறினார்கள். சந்தேகமும் கோபமும் ஒன்றரை வருடமாகச் செய்ய முடியாததை, ஜனங்கள் கையில் எண் வந்ததும் சில வாரங்களில் செய்துவிட்டது.

நம் ஊரிலும் கேட்பதற்கு இடம் இருக்கிறது. 2022 நவம்பர் 1 முதல் நகர்ப்புற வார்டுகளில் பகுதி சபை கூடுகிறது. சாலை, விளக்கு, குப்பை எல்லாம் அங்கே பேசுகிறோம். அடுத்த கூட்டத்தில் மூன்றே கேள்வி கேளுங்கள். இந்த வாரம் எங்கள் வார்டில் கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் எவ்வளவு இருந்தது? மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீர் கலக்கிறதா, கலந்தால் ஃபுளோரைடு எவ்வளவு? தொட்டியைக் கடைசியாகக் கழுவிய தேதி என்ன? பதிலை வார்டு அலுவலகப் பலகையில் சாக்பீஸால் எழுதி வைக்கச் சொல்லுங்கள். எண் பலகையில் ஏறினால் அளக்காமல் எழுத யாருக்கும் தைரியம் வராது. ஏனென்றால் குளோரோஸ்கோப் வைத்திருக்கும் பள்ளிக்கூட அறிவியல் ஆசிரியர் ஒருவர் போதும், அந்தப் பொய்யைப் பிடித்துவிட.

குறித்துக்கொண்டவர்கள் ஒன்றை மட்டும் மேலே எழுதிக்கொள்ளுங்கள். முதலில் பரிசோதனை, பிறகு செலவு. கேள்விகள் இருந்தால் கேளுங்கள், நேரம் இருக்கிறது. வீட்டுப் போர் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் மேசைக்கு வாருங்கள், ஃபுளோரைடு கிட் கையில் வைத்திருக்கிறேன்.